பக்கத்துக் கிணறு

ஒரு நாள் சாயங்காலம் என் மாமியார் என் அப்பாவை நினைத்து அழுதார். சும்மா கண் கலங்கினது மட்டும் இல்லை. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார்.

"உப்பளத்துலேர்ந்து வந்ததும் காலக் கழுவாம உள்ள வரமாட்டாரு. வெடிப்புல அம்மா விளக்கெண்ணெய் தேய்ச்சு விடுவா. அந்தக் காலை இனிமே எங்க பாக்கப்போறேன்" என்றார்.

என் அப்பாவின் காலை அத்தை பார்த்ததே இல்லை. ஆளையே நாலு தடவை பார்த்திருந்தால் அதிகம். அப்பா இறந்தபோது துக்கத்துக்கு வந்தவர், தெருவில் நின்றபடியே இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அப்படிப்பட்டவர் இப்போது சோபாவில் உட்கார்ந்து என் அப்பாவுக்காகத் தேம்பிக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். என்ன சொல்லித் தேற்றுவது? அது என் அழுகை. அன்றைக்குக் காலையிலிருந்து எனக்குள்ளே முட்டிக்கொண்டு நின்றது. அவர் அழுது தீர்த்துக்கொண்டிருந்தார்.

இது எப்படி என்று கேட்பீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மதுரை புதூரில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. நான் சண்முகக்கனி, என் வீட்டுக்காரர் ஜெயபால், அவருடைய அம்மா சொர்ணம், இவ்வளவுதான் ஆட்கள்; பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். அவர் தங்கை பொன்சுதா கனடாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சுவர்த்திரையில் வந்து அம்மாவிடம் பேசுவாள்.

அத்தைக்கு மறதி வந்தது பால் பொங்குகிற மாதிரித் திடீரென்று இல்லை. தயிர் புளிப்பது மாதிரி. முதலில் உப்பை இரண்டு தடவை போட்டார். அப்புறம் பேர்கள் போயின. அப்புறம் கக்கூஸ் எந்தப் பக்கம் என்பது போயிற்று. சாயங்காலம் ஆனால் போதும், ஒயர்கூடையில் இரண்டு புடவையும் சீப்பும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் எடுத்து வைத்துக்கொண்டு வாசற்கதவின் அருகில் போய் நிற்பார். வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு என்பார். இதுதான் அத்தை வீடு என்று நான் சொன்னால், என்னை ஏற இறங்கப் பார்த்து, நீ யாருடி என்று கேட்பார். நாற்பது வருஷம் இவருக்கு ரசம் வைத்துக்கொடுத்தவள் நான்.

பிறகு அந்தக் காதுப்பொட்டு வந்தது. கம்பெனிக்காரர்கள் ஏதோ நீளமாகப் பேர் வைத்திருந்தார்கள். எல்லோரும் பொட்டு என்றே சொன்னார்கள். காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒட்டியிருக்கும். டாக்டர் நிலோஃபர் எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"அம்மாவோட மனசு ஒரு விஷயத்தைத் தேடி வாளி விடுதுன்னு வச்சுக்கோங்க. அவங்க கிணத்துல தண்ணி இல்லை. இந்தப் பொட்டு பக்கத்துக் கிணத்துலேர்ந்து இறைச்சுக் குடுக்கும். அவங்களுக்கு அது தெரியாது. தன்னோட ஞாபகம்னுதான் நெனப்பாங்க."

"பக்கத்துக் கிணறுன்னா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"கூடவே இருந்தவங்க. இந்த வீடு, இவங்க பழக்கவழக்கம் எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர். அவங்க காதுலயும் ஒரு பொட்டு இருக்கும். ஆனா அந்த ஆள் எப்பவும் பக்கத்துல இருக்கணும். கூப்பிட்டாக் கேக்கிற தூரம்னு வச்சுக்கலாம்."

பெற்ற மகன் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது? என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காதைக் கொடுத்தார். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். அத்தை கட்டிலில் உட்கார்ந்து, இந்த வருஷமும் இன்கிரிமென்ட் இல்லையே, மேனேஜர் வேண்டுமென்றே செய்கிறான் என்று கவலைப்பட்டார். பழைய கிரிக்கெட் மேட்ச் ஒன்றில் யார் யார் எப்படி அவுட் ஆனார்கள் என்று சொன்னார். புளிப்பானை எங்கே என்று கேட்டால் விழித்தார். தன் மாத்திரை எந்த டப்பாவில் என்று தெரியவில்லை. மகன் கிணற்றில் அந்தத் தண்ணீரே இல்லை. அவர் அந்த வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார், ஆபீஸ் போனார். வீடு அவரைத் தொடாமல் தன்பாட்டுக்கு நடந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

பொட்டைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "உன்னைவிட இந்த வீடு யாருக்குத் தெரியும், கனி."

நாற்பது வருஷமாக இந்தச் சொல்லுக்குக் காத்திருந்தேன். வந்தது. கூடவே ஒரு கயிறும் வந்தது.

என் காதில் பொட்டை ஒட்டும்போது, எத்தனை நாளைக்கு டாக்டர் என்று நான்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அவங்க இருக்கிறவரைக்கும்மா என்றார்.

பொய் சொல்லக்கூடாது, பொட்டு வேலை செய்தது. இரண்டாம் நாளே அத்தை தானாக எழுந்து பல் துலக்கினார். கறிவேப்பிலைக்காரரிடம் பேரம் பேசினார். திரையில் பார்த்த பொன்சுதா, அம்மா பழையபடி ஆயிட்டாங்க அண்ணி என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வந்தவர்கள் எல்லாம், மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார்கள்.

நான் மட்டும் அந்த மூன்றாம் மாடியை விட்டு இறங்க முடியாமல் போனேன். ஒரே ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் தெருமுனைக் காய்கறிக் கடை வரைக்கும் போனேன். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து அலறல் கேட்டது. ஓடினேன். அத்தை மாடிப்படியில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இது யார் கை, யார் கை என்று கேட்டுக்கொண்டிருந்தார். பழைய மறதி வேறு. இது வெளிச்சத்தில் இருந்தவரை இருட்டுக்குள் பிடித்துத் தள்ளியது மாதிரி. நான் இரண்டு படி மேலே ஏறியதும், "என்னடி, வெண்டைக்கா வாங்கலையா?" என்றார்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. காய்கறி வீட்டுக்கே வந்தது. கோயில் திரையில் வந்தது.

என் அம்மாதான் வரமுடியாதவள்.

என் ஊர் ஆறுமுகநேரி, உப்பளத்து ஊர். அம்மா பாக்கியத்தம்மாள் எங்கள் பழைய வீட்டிலேயே என் தம்பி இசக்கிமுத்துவோடு இருக்கிறாள். வயது எண்பதைத் தாண்டினாலும் தலை தெளிவாக இருக்கும். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். தம்பி போனில் சொன்னான், வந்து ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டுப் போக்கா என்று.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். பாக்கலாம் என்றார். அடுத்த மாதம் கேட்டேன். பாக்கலாம். அவர் கெட்டவர் இல்லை, திட்டமாட்டார், கையை ஓங்கமாட்டார். அந்தப் பாக்கலாம் மட்டும் சாவி தொலைந்த பூட்டு மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் தொங்கியது. அத்தையையும் காரில் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போகலாமே என்றேன். பொட்டுக்கு என்ன, நான் பக்கத்தில் இருந்தால் சரிதானே.

"அம்மாவையா? அந்த வீட்டுக்கா?" என்றார், ஏதோ சொல்லக்கூடாததைச் சொன்ன மாதிரி.

விஷயம் இதுதான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு மறுவீட்டு விருந்தில், மாப்பிள்ளை வீட்டாருடைய இரண்டாம் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது. இலையில் உட்கார்ந்திருந்த அத்தை அப்படியே எழுந்தார். இனி இந்த வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று சொன்னார், நனைக்கவும் இல்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இப்போது பாயசம் என்றால் என்னவென்றே அவருக்கு நிச்சயமில்லை. சபதம் போட்டவர் சபதத்தை மறந்துவிட்டார். மகன் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க மறந்துட்டாங்கங்கிறதுக்காக அவங்க மரியாதையை நாம விட்டுரலாமா?" என்று கேட்டார்.

எனக்கு வாதாடத் தெரியாது. மனசுக்குள்ளே போட்டுக்கொள்ளத்தான் தெரியும். ஆனால் இப்போது மனசுக்குள் போட்டது எங்கே போகிறது?

அதுதான் நான் முதலில் சொன்ன அந்த அழுகை. அன்று என் அப்பாவின் நினைவுநாள். அதோடு நிற்கவில்லை. அத்தை அங்கிட்டு இங்கிட்டு என்று மதுரைப் பேச்சுப் பேசுகிறவர். என் ஊர்ப் பேச்சில் அங்கன, இங்கன என்று ஆரம்பித்தார். சாயங்காலம் ஒயர்கூடையோடு வாசலில் நிற்பார் என்றேனே, மறுபடியும் நிற்கத் தொடங்கினார். ஆனால் இப்போது அவர் போக வேண்டிய வீட்டின் அடையாளம் வேறு. வாசலில் வேப்பமரம், சுவரில் உப்புப் பூத்துப் பூத்துச் சுண்ணாம்பு உதிரும், பின்கதவைத் தூக்கித் திறக்க வேண்டும். எங்கள் ஆறுமுகநேரி வீட்டுப் பின்கதவு அது.

பயந்துபோய் டாக்டருக்குப் போன் போட்டேன். "அவங்க அம்மான்னு தேடி வாளி விட்டா உங்க அம்மாதாம்மா வருவாங்க. வேற யாரு இருக்கா அங்க? அதுலயும் ஆழமாப் பதிஞ்சதுதான் முதல்ல வரும். நாம பொறுக்கி எடுத்துக் குடுக்க முடியாது" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு நினைப்பதற்கே பயம். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பார்களே, அந்தக் கதை. உடம்புதான் மூன்றாம் மாடியில் கிடக்கிறது, மனசாவது என்னுடையது என்று இருந்தேன். அதிலும் ஆள் குடிவந்தாயிற்று. அத்தையைப் பற்றி நல்லதாக மட்டும் நினைப்போம் என்று உட்கார்ந்தேன். என் முதல் பிரசவத்தில் அவர் வைத்த பூண்டுக் குழம்பை நினைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே போன் வந்து நின்றது.

அந்தக் காலத்தில் கூடத்தில் ஒரே ஒரு போன். அதற்கு ஒரு குட்டிப் பூட்டு. சாவி அத்தையின் இடுப்பில். நான் கூப்பிட முடியாது. அம்மாதான் எங்கள் ஊர் பூத்தில் நின்று கூப்பிடுவாள். அத்தை எடுப்பார்.

ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம், அத்தையும் நானும். அவர் கை நின்றது.

"எங்கம்மா போன் பண்ணா. அந்தப் பொம்பளை எடுத்து, அவ குளிக்கிறான்னு சொல்லி வச்சுட்டா" என்றார். "நான் குளிக்கல. பக்கத்துலதான் நின்னேன். கையில கரண்டி இருந்துச்சு."

"எந்தப் பொம்பளை அத்தை?"

அத்தை அடுக்களையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவதான். மாமியா. வெளிய சொல்லிராத."

இப்படி ஒரு நாள் வரவேண்டும் என்று கல்யாணமான புதிதில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. செய்தது என்னவென்று அவருக்கு உறைக்க வேண்டும் என்று. உறைத்தது. ஆனால் செய்தவர் அங்கே இல்லை. என்னை மாதிரியே பயந்துபோன இன்னொருத்தி உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தாள். யாரிடம் போய் நியாயம் கேட்பது? பயப்படாதீங்க, அவ வெளிய போயிருக்கா என்று சொன்னேன். அத்தைக்கு மூச்சு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்சுதா திரையில் வந்தாள். எப்படிம்மா இருக்க என்று கேட்டாள். அத்தை ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா இடுப்பொடிஞ்சு கெடக்கா. ஒரே ஒரு தடவை காட்டிட்டுக் கூட்டிட்டு வந்துருங்க. ராத்தங்கக்கூட வேண்டாம். பாத்துட்டு வந்துருதேன்."

ஒரு வருஷமாக நான் கேட்ட அதே சொற்கள். ராத்தங்க வேண்டாம் என்பதுகூட நான் சொன்னது. நான் சொன்னபோது சுவரில் பட்டுத் திரும்பியது. அத்தை வாயிலிருந்து வந்ததும் கனடாவில் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அண்ணே, அம்மா வாயத் திறந்து ஒண்ணு கேக்குறாங்க. எங்கன்னு கேட்டுக் கூட்டிட்டுப் போயேன். அம்மா கேட்டு இல்லேன்னு சொல்லலாமா?"

எங்கே என்று மகன் கேட்டார். ஆறுமுகநேரி, வேப்பமர வீடு என்றார் அத்தை. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். திரை அணைந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ சொல்லிக்குடுத்தியா?"

"சொல்லிக்குடுக்கல. நெனச்சேன். அவ்வளவுதான்."

அந்தச் சபதம் என்றேன். அம்மாவே கேட்டப்புறம் சபதம் என்ன என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. மறுநாள் காலையில் கார் கிளம்பியது. அத்தை முன்சீட்டில். போனை எடுத்து வைக்கும்போது சார்ஜரையும் எடுத்து வைப்போம் இல்லையா, அப்படி என்னைப் பின்சீட்டில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

உப்பளம் கண்ணில் பட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். முன்சீட்டிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "கண்ணு கூசுதுல்லா" என்றார், யாரிடமோ.

அம்மா கூடத்தில் பழைய வேப்பங்கட்டிலில் படுத்திருந்தாள். பாதியாகக் குறைந்திருந்தாள். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது. பின்னால் அத்தை வருவதைப் பார்த்ததும் மலர்ந்தது அப்படியே நின்றுபோனது. எழுந்திருக்க முடியாதவள் முழங்கையை ஊன்றி எழப்பார்த்தாள். முந்தானையைத் தேடினாள். "வாங்க சம்பந்தி. ஏ இசக்கி, நாற்காலியத் தொடச்சுப் போடு" என்றாள். நாற்பது வருஷத்துப் பயம் அந்தக் குரலில் அப்படியே இருந்தது.

அத்தை நாற்காலியைப் பார்க்கவே இல்லை. நேரே போய்த் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அம்மா என்றார்.

ஓடிப்போய் நான் செய்ய நினைத்திருந்தது அது. இடம் போய்விட்டது. கையில் பையோடு நான் நிலைப்படியில் நின்றேன். அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் காதுக்குப் பின்னால் இருந்த பொட்டைத் தொட்டுக் காட்டினேன். தம்பி ஏற்கெனவே சொல்லியிருப்பான் போல. அவள் கை மெதுவாக இறங்கி அந்த வெள்ளைத் தலையில் உட்கார்ந்தது.

அத்தை அங்கே சாப்பிட்டார். நகரைமீன் குழம்பு. அம்மாவின் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் சுவரோரமாக உட்கார்ந்து தன் தாயின் கை நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்ததும் என் வீட்டுக்காரர் கிளம்பலாம் என்று எழுந்தார். தன் அம்மாவிடம், வாங்க, வீட்டுக்குப் போவோம் என்றார். அத்தை கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வீட்டுக்கு என்னை அனுப்பாதம்மா. அங்க மாமியா இருக்கா."

அதே கட்டில் கால். கல்யாணமான முதல் ஆடிக்கு என்னை அழைத்து வந்திருந்தார்கள். மாதம் முடிந்து திருப்பி அனுப்புகிற அன்று இந்தக் காலைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். இந்தச் சொற்களைத்தான் சொன்னேன். பொறுத்துப் போ ஏட்டி, எல்லா வீட்டுலயும் உள்ளதுதான் என்று அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு முறுக்கு டப்பாவோடு என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

"நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் குளிக்கலம்மா" என்று அத்தை சொல்லிக்கொண்டே போனார். "பக்கத்துலதான் நிப்பேன். உன் குரல் வெளிய கேக்கும். நல்லாருக்காளான்னு கேப்பே. அந்தப் பொம்பளை, நல்லாருக்காம்பா. வச்சிருவா."

அம்மாவுக்கு இது தெரியாது. நான் சொன்னதே இல்லை. சொன்னால் அங்கே நின்று கலங்குவாள் என்று சொல்லவில்லை. அம்மா அத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கை அத்தையின் தலையை விட்டு எடுபடவே இல்லை.

"போகாண்டாம்ளா" என்றாள். "நீ இங்கனயே இரு. ஒருத்தரும் உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டாவ."

யாரைப் பார்த்துச் சொன்னாள், யாருக்குச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. பையைக் கீழே வைத்தேன்.

என் வீட்டுக்காரர் கார்ச்சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் அம்மா கட்டில் காலை விடவில்லை. கடைசியில், வாசல் வரைக்கும் என்னைக் கூப்பிட்டு, கூடத்துப் போன்ல அப்படியா சொல்லுவாங்க என்று கேட்டார். நீங்களும் கூடத்துலதான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பீங்க என்றேன். தனியாகக் காரில் ஏறிப் போனார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேயும் கூப்பிடு தூரம்தான் எனக்கு. உப்பளம் வரைக்கும் நடக்க ஆசை, தெருமுனை தாண்ட முடியாது. இப்போது இரண்டு பேருக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறேன், அம்மா மடியில் எனக்கு இடம் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அப்படிப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. அம்மா தலைமாட்டில் கிடந்தது, அவளே எடுத்தாள். என் வீட்டுக்காரர்தான். சம்பந்தி நல்லாச் சாப்பிடுதாவ, உறங்குதாவ என்றாள். அப்புறம் அவர் என்னைக் கேட்டிருப்பார், எப்போது வருகிறேன் என்று. நான் கையில் ஒட்டிய சோற்றைத் தட்டில் வழித்துவிட்டு, போனுக்காகக் கையை நீட்டினேன்.

அம்மா என் கண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவ குளிக்கா மாப்ளே."

வைத்துவிட்டாள். போனைத் தலையணைக்கு அடியில் செருகினாள். அத்தைதான் முதலில் சிரித்தார், வாயில் சோற்றோடு. எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.